கேம் ஆடுறதும் ஒரு வேலையா?



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்பு, தவணை எல்லாம் எழுதி முடித்த பிறகு ஓர் அக்கா எழுந்து, இருபதாயிரம் ரூபாய் சங்கக் கடன் கேட்டார். "எதுக்குக்கா?" என்றார் ஊக்குநர். "பதினொண்ணாவது படிக்கிற பையனுக்கு நல்ல செல்போன் வேணுமாம். ஸ்கூலை நிறுத்திட்டு, கேம் ஆடியே சம்பாதிக்கிறேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான்" என்றார். சிலர் சிரித்துவிட்டார்கள். அந்த அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "சிரிக்காதீங்க. அப்படி ஒரு வேலை நிஜமா இருக்கா, இல்லையா? அதைச் சொல்லுங்க" என்றார். அன்று என்னாலும் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

இருக்கிறது, ஆனால்...

அந்த வேலை உண்மையிலேயே இருக்கிறது. அதற்கு இ-ஸ்போர்ட்ஸ் என்று பெயர். கபடி, கிரிக்கெட் மாதிரியே அணி, பயிற்சியாளர், லீக் போட்டி, ரசிகர் கூட்டம் எல்லாம் உண்டு. இதில் முன்னோடி நாடு தென் கொரியா. அங்கே 2000-லேயே இதற்கென்று ஒரு சங்கம் தொடங்கிவிட்டார்கள்.

அந்த நாட்டில் 1996-ல் பிறந்தவர் லீ சாங் ஹியோக். விளையாட்டு உலகில் அவருக்கு ஃபேக்கர் என்று பெயர். அப்பாவும் பாட்டியும் வளர்த்த பிள்ளை. அவர் ஆடுவது லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டு. ஐந்து பேர் கொண்ட இரண்டு அணிகள் மோதும். எதிரணியின் கோட்டையை முதலில் தகர்ப்பவர்களுக்கு வெற்றி.

ஃபேக்கரும் பள்ளியைப் பாதியில் விட்டவர்தான். இதைத்தான் பிள்ளைகள் நம்மிடம் சொல்வார்கள். அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்ல மாட்டார்கள். கொரியா முழுக்க ஆடுகிறவர்களின் தரவரிசையில் அவர் ஏற்கெனவே உச்சிக்கு வந்திருந்தார். அதைப் பார்த்துத்தான் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் அணி 2013-ல் அவரைச் சேர்த்துக்கொண்டது. பள்ளியை விட்டுவிட்டு வேலை தேடியவர் இல்லை அவர். வேலை கிடைத்த பிறகு பள்ளியை விட்டவர்.

அந்த ஆண்டே, 17 வயதில், உலகக் கோப்பை. அணிக்குப் பரிசு 10 லட்சம் டாலர். 2015, 2016-லும் வென்றார். 2017 இறுதிப் போட்டியில் தோற்று, மேடையிலேயே அழுதார். அடுத்த ஆண்டு உலகப் போட்டிக்கே அணி தகுதி பெறவில்லை. 2022 இறுதியிலும் தோல்வி. 2023-ல் கை வலி வந்து சில வாரம் ஒதுங்கி உட்கார வேண்டியதாயிற்று. அவர் இல்லாத ஆட்டங்களில் பெரும்பாலானவற்றில் அணி தோற்றது. திரும்பி வந்து 2023, 2024, 2025 என்று மூன்று ஆண்டும் தொடர்ந்து கோப்பை வாங்கினார். மொத்தம் ஆறு.

இடையில், 2023-ல் சீனாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கப் பதக்கம் வாங்கிய கொரிய அணியிலும் இருந்தார். அந்தப் பதக்கத்தால், கொரிய ஆண்கள் கட்டாயம் செய்ய வேண்டிய ராணுவப் பணியிலிருந்து அவருக்கு விலக்கு கிடைத்தது.

வருமானம் எப்படி வருகிறது?

அணி தரும் சம்பளம், பரிசில் பங்கு, விளம்பரம், தான் ஆடுவதை நேரலையாகக் காட்டுவது என்று நாலு வழி. அதற்குத் தினமும் பத்து மணி நேரத்துக்கு மேல் பயிற்சி. மணிக்கட்டு, கழுத்து, கண், தூக்கம் எல்லாம் பாதிக்கும். பெரும்பாலோர் இருபதுகளின் நடுவிலேயே ஓய்வு பெற்றுவிடுகிறார்கள். இருபதுகளின் கடைசியிலும் ஆடிய ஃபேக்கர் அபூர்வம். ஓய்வுக்குப் பின் பயிற்சியாளர், வர்ணனையாளர் வேலை சிலருக்குக் கிடைக்கும். மற்றவர்களுக்குப் படிப்புதான் கை கொடுக்க வேண்டும்.

பெண்பிள்ளைகள்?

கொரியாவின் கிம் செ யோன் ஓவர்வாட்ச் என்ற விளையாட்டை ஆடியவர். கெகுரி என்று பெயர். 2016-ல், "இவ்வளவு துல்லியமா ஆட முடியாது, ஏமாத்துறா" என்கிற மாதிரி புகார் கிளம்பியது. அவர் எல்லோரும் பார்க்க நேரலையில் ஆடிக்காட்டி, புகார் பொய் என்று நிரூபித்தார். 2018-ல் அந்த விளையாட்டின் உலக லீக்கில் சேர்ந்த முதல் பெண் அவர்தான். நமக்கு இது புதுக் கதையா என்ன?

இதுவும் சூதாட்டமும் ஒன்றா?

இல்லை. இதை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். ரம்மி மாதிரி பணம் வைத்து, பணம் எடுக்கலாம் என்று ஆடுவது வேறு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்கிறது. இ-ஸ்போர்ட்ஸைத் தனியாகப் பிரித்து விளையாட்டாக அங்கீகரிக்கிறது. போட்டியில் சேர நுழைவுக் கட்டணம் இருக்கலாம். பந்தயப் பணம் இருக்கக் கூடாது.

பிள்ளையிடம் கேட்க வேண்டியவை

1. எந்த விளையாட்டு? அதில் பணம் வைத்து ஆடுகிறாயா?
2. உன் தரவரிசை என்ன? எந்தப் போட்டியில் கலந்துகொண்டாய்?
3. எந்த அணியாவது எழுத்து மூலமாகக் கூப்பிட்டிருக்கிறதா? (கூப்பிட்டால், ஒப்பந்தத்தை விவரம் தெரிந்தவரிடம் படித்துக் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.)
4. ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குகிறாய்?

இதைத் திட்டிக் கேட்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, "எப்படி ஆடுறே, எனக்கும் காட்டு" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த பிள்ளை, பள்ளி முடிந்த நேரத்தில் முயற்சி செய்யட்டும். பதில் இல்லையென்றால் அது பொழுதுபோக்கு. பொழுதுபோக்குக்காகப் படிப்பை விடுவதோ, சங்கக் கடன் வாங்குவதோ சரியில்லை.

அந்த அக்காவின் கடன் மனுவைக் குழு தள்ளுபடி செய்யவில்லை. அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்து, தீர்மான நோட்டில் எழுதியிருக்கிறார்கள். அன்றைக்குப் பையனும் வருகிறான். சிரிக்காமல் கேட்போம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.