எங்க ஊர் பட்டியல்ல இல்லியா? அப்ப பட்டியலையே மாத்து!

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கியது. 14 மாவட்டங்கள், 40 காட்டுப் பாதைகள். எளிது, நடுத்தரம், கடினம் என்று மூன்று தரம். இணையத்தில் முன்பதிவு செய்தால், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டிகளாக வருவார்கள். நீலகிரி இருக்கிறது, தேனி இருக்கிறது, திருவள்ளூரின் குடியம் குகைகூட இருக்கிறது. பெரம்பலூர்? ம்ஹூம். அரியலூர்? ம்ஹூம்… ம்ஹூம்!

“நாப்பதுல நமக்கு ஒண்ணுகூட இல்லியாம்மா?” என்று வீட்டுக்காரர் கைப்பேசியை மேலும் கீழும் தள்ளித் தேடினார்.

“இல்லீன்னா என்னங்க, நாமளே போட்டுக்குவோம்.”

அப்படித்தான் பிறந்தது எங்கள் சவால். மேற்கே பச்சைமலையில் தொடங்கி, கிழக்கே கரைவெட்டி ஏரியில் முடிக்க வேண்டும். விடுமுறை கிடைக்கிற நாளில் ஒவ்வொரு இடமாக நடந்து தீர்க்க வேண்டும். சொந்தக்காரர்கள் வாட்ஸப் ஸ்டேட்டஸில் பார்த்தது சிரித்த முகங்களை மட்டும்தான். அந்தப் படங்களுக்குப் பின்னால் நடந்த கூத்து இதோ!

முதல் ரகசியம்: பஸ் டிக்கெட்

எங்கள் பயணச் செலவுக் கணக்கில் என் பெயருக்கு நேரே பெரும்பாலும் பூஜ்யம். நகரப் பேருந்தில் மகளிருக்குக் கட்டணம் இல்லையே! பக்கத்து சீட்டில் அவர் சில்லறை தேடும்போதெல்லாம் நான் ஜன்னல் வழியாக மக்காச்சோளக் காட்டை ரசிப்பேன். “சவால் ரெண்டு பேருக்கும்தானே, செலவு மட்டும் எனக்கா?” என்பார். சாப்பாட்டுப் பை என் தோளில் தொங்குவதை ஒரு முறை திரும்பிப் பார்ப்பார். பேச்சு அதோடு நிற்கும்.

பையில் இருப்பது தயிர் விட்டுப் பிசைந்த பழைய சோறு, உரித்த சின்ன வெங்காயம், மோர்மிளகாய். சின்ன வெங்காயம் விளைகிற மாவட்டத்தில் பிறந்துவிட்டு, மலைக்குப் போகும்போது சாக்லேட் பார் கடிப்பதாவது!

பச்சைமலை: ஏறினது இங்கே மட்டும்தான்

திருச்சி, பெரம்பலூர், சேலம் என்று மூன்று மாவட்டங்களில் கால் நீட்டிக் கிடக்கிறது பச்சைமலை. எங்கள் பக்கத்து வாசல் லாடபுரம். அங்கிருந்து மயிலூற்று அருவிக்குப் போகலாம். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த வருடம் என்றால் அருவி ஆர்ப்பாட்டமாகக் கொட்டும். பெய்யாத வருடம் பாறை மட்டும் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

காப்புக்காட்டுக்குள் நினைத்தபடி நுழையக் கூடாது. 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீ உயிர்களைப் பறித்த பிறகு, மலையேற்றத்துக்கென்று தனி விதிகளும் வந்தன. அதனால் எங்கள் முதல் நடை வனத்துறை அலுவலக வாசலுக்குத்தான். எதுவரை போகலாம், எங்கே நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டுதான் காலடி எடுத்து வைத்தோம்.

ஏறுவது இங்கே முடிந்தது. இனிமேல் எல்லாம் இறக்கம்தான். உயரத்தில் இல்லை, காலத்தில்! பச்சைமலைப் பாறை இந்த வட்டாரத்திலேயே மூத்தது. அங்கிருந்து கிழக்கே போகப் போக, பொதுவாகப் பாறைகளின் வயது குறைந்துகொண்டே வருகிறது. இங்கே ஒரு காலத்தில் கடல் ஏறி, தங்கி, பின்வாங்கியது. அது விட்டுப்போன அடுக்குகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்றாகப் பிரித்து 1862-இல் அறிக்கை எழுதினார் புவியியலாளர் ஹென்றி பிளான்ஃபோர்ட். எங்கள் ஊர்ப் பேர் உலகப் புவியியல் புத்தகங்களில் ஏறிவிட்டது. அரசின் மலையேற்றப் பட்டியலில்தான் ஏறவில்லை!

காரை: காலை பத்து மணிக்கு மேல் போகாதீர்கள்

காரை கிராமத்துப் பக்கத்தில் மழைநீர் அரித்தெடுத்த பள்ளங்களும் மேடுகளும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை போகின்றன. புல் முளைக்கவும் யோசிக்கிற மண். அதன் ஊடே ஜிப்சம் படிகங்கள் பளபளவென்று மின்னும். குனிந்து பார்த்தால் விரல் நீளத்தில், கூரான முனையோடு கற்கள் கிடக்கும். பெலம்னைட்! கணவாய்க்குச் சொந்தக்கார உயிர் ஒன்றின் உள் ஓடு அது. பெரம்பலூரில் கடற்கரை இல்லை என்று யார் சொன்னது? கொஞ்சம் தாமதமாகப் பிறந்துவிட்டோம், அவ்வளவுதான்.

எங்கள் அழகான படங்கள் எல்லாம் விடிந்ததும் எடுத்தவை. ஒதுங்க நிழல் கிடையாது, வெயில் ஏறினால் தாளித்து எடுத்துவிடும். இங்கே எங்கள் இரும்பு விதி ஒன்று: ஒரு கல்கூட வீட்டுக்கு வரக் கூடாது. பஸ் ஏறுமுன் சோதனை உண்டு. அவருடைய சட்டைப்பையில் சிக்கியது கடலைமிட்டாய்க் காகிதம் மட்டும்தான். எனக்குத் தராமல் தின்ற குற்றத்துக்குத் தனி விசாரணை நடந்தது.

சாத்தனூர்: ஃபிரேமுக்குள் அடங்காத மரம்

1940-இல் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்து உலகுக்குச் சொன்ன கல்மரம் இங்கே படுத்திருக்கிறது. பின்னாளில் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்துக்குத் தலைமையேற்ற முதல் இந்தியர் அவர். மரத்தின் நீளம் 18 மீட்டர், வயது 12 கோடி ஆண்டு என்கிறார்கள். பூக்கும் மரங்கள் பெருகும் முன்பே வாழ்ந்து, கடலில் அடித்து வரப்பட்டு, சேற்றில் புதைந்து கல்லானது.

இதை ஒரே படத்தில் அடக்குவது பெரிய பாடு. நான் வேர்ப் பக்கம், அவர் நுனிப் பக்கம். கைப்பேசியைப் பிடித்த பள்ளிக்கூடப் பையன் பனோரமாவில் இழுத்துக்கொண்டே வர, பாதியில் இவர் இடம் மாறிவிட்டார். படத்தில் அவருக்கு இரண்டு தலை! அதைத்தான் ஃபிரேம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறோம்.

கல்லங்குறிச்சி: சாமியும் சிப்பியும்

அரியலூர்க்காரர்களுக்குக் கல்லங்குறிச்சி என்றால் கலியுக வரதராசப் பெருமாள். புவியியல் படித்தவர்களுக்கோ கிரைஃபியா சிப்பி. கோடிக்கணக்கில் செத்துக் குவிந்த சிப்பிகளின் சுண்ணாம்புதான் அரியலூரைச் சிமென்ட் நகரமாக்கியது. சுரங்கத்தை எட்ட நின்று பார்த்துவிட்டு, வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தில் சிப்பிகளைக் கிட்டத்தில் பார்த்தோம். எங்கள் வீட்டுச் சுவருக்குள் எத்தனை சிப்பி அரைபட்டுக் கிடக்கிறதோ! அன்றிலிருந்து இவர் ஆணி அடிக்குமுன் சுவரிடம் மன்னிப்புக் கேட்கிறார்.

கல்லமேடு: பார்க்க ஒன்றுமே இல்லை, அதுதான் விசேஷம்

1980-களில் புவியியலாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் இங்கே கிடைத்த பிரம்மாண்டமான எலும்புகளுக்கு ‘புருஹத்காயோசாரஸ்’ என்று பெயர் வைத்தார்கள். உலகின் மிகப் பெரிய டைனோசர்களுள் ஒன்றாக இருக்கலாம் என்று இன்றும் பேசப்படுகிறது. ஆனால் அந்த எலும்புகள் நொறுங்கி அழிந்துவிட்டன. வரைபடங்களும் சில புகைப்படங்களும்தான் மிச்சம். அது எலும்பே இல்லை, கல்லான மரம் என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு.

“இதப் பாக்கவா இம்புட்டு தூரம்?” என்று அவர் கேட்டபோது எங்களுக்கு முன்னால் இருந்தவை இரண்டு ஆடுகள். இதிலும் ஒரு சுகம் இருக்கிறது. 2020-இல் குன்னத்தில் உருண்டைக் கற்கள் கிடைத்ததும் டைனோசர் முட்டை என்று ஊரே படமெடுக்கத் திரண்டது. அவை முட்டை இல்லை என்று நிபுணர்கள் சொன்ன பிறகுதான் கூட்டம் கலைந்தது. எங்கள் ஆடுகள் அசல் ஆடுகள். அதில் சந்தேகமே இல்லை.

கரைவெட்டி: முடிச்சாச்சு!

கடைசியாக இன்றைய காலத்துக்கு வந்து சேர்ந்தோம். சுமார் 454 ஹெக்டேர் பரப்புள்ள ஏரி. 2024 ஜனவரியில் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பிடித்தது. (பாருங்கள், எங்களுக்கும் ஒரு பட்டியல்!) புள்ளம்பாடி வாய்க்கால் வழியே வரும் காவிரித் தண்ணீரை நம்பி, இமயத்தைத் தாண்டி வரித்தலை வாத்துகள் வந்திறங்குகின்றன.

பறவை எண்ணுவதற்கு ஜோடி அவசியம். ஒருவர் பைனாகுலரிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது, மற்றவர் எழுத வேண்டும். கூட்டம் பெரிதென்றால் பத்துப் பத்தாகத் தொகுத்து மனக்கணக்குப் போட வேண்டும். “பத்து… இருபது… ஐயோ பறந்துருச்சு, மறுபடி ஒண்ணுலேர்ந்து!” என்று அவர் கத்த, நான் அடித்துத் திருத்தி எழுத, பக்கத்தில் நின்ற வனக்காவலர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். பட்டியலின் கடைசி வரியில் இருவரும் சேர்ந்து டிக் அடித்தோம். பேனா யாருடையது என்பதில் மட்டும் சின்னச் சண்டை.

நாற்பது பாதைகளையும் முடித்த மலைவீரர்களே, கார்த்திகைக்கும் மாசிக்கும் நடுவில் இங்கே வாருங்கள். மூச்சு வாங்காது. தண்ணீர் கையோடு கொண்டுவாருங்கள், கல்லைக் கிடந்த இடத்திலேயே விடுங்கள், தம்பதியாக வந்தால் பேனா இரண்டாக எடுத்து வாருங்கள்!