சி.எஸ்.ஆர். ரசீதும் ஓராண்டுக் கெடுவும்

கணியம்பாடியிலிருந்தும் அமிர்தி மலையடிவார ஊர்களிலிருந்தும் வரும் கடிதங்களில் ஒரே குழப்பம் திரும்பத் திரும்பத் தெரிகிறது. வீட்டுக்குள் அத்துமீறி நுழைந்தார்கள், ஸ்டேஷனில் மனு கொடுத்து ரசீதும் வாங்கிவிட்டோம், மாதக்கணக்காகியும் வழக்கைக் காணோம் என்கிறார்கள். நுழைந்தவர் பெரும்பாலும் அந்நியர் இல்லை. பாகப்பிரிவினை முடியாத பங்காளி, அட்வான்ஸ் தகராறில் வீட்டு ஓனர், தவணை கேட்டு வந்தவர் என்று தெரிந்த முகங்கள்தான். அப்படி எழுதியவர்கள் இதை உடனே கவனிக்க வேண்டும்: இந்தக் குற்றத்துக்குக் கெடு ஓராண்டு.

பாரதிய நியாய சன்ஹிதாவின் 329ஆம் பிரிவுப்படி, பிறர் இடத்தில் குற்ற நோக்கத்தோடு அத்துமீறினால் 3 மாதம் வரை சிறை, வீட்டுக்குள் என்றால் ஓராண்டு வரை. இரண்டிலும் சிறைக்குப் பதிலாகவோ கூடவோ 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஓராண்டுக்கு மேற்படாத சிறைக்குரிய குற்றத்தை, ஓராண்டு கடந்தபின் நீதிமன்றம் ஏற்கக் கூடாது என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 514ஆம் பிரிவு.

அந்த ஓராண்டு எந்த நாளோடு முடிவதாகக் கணக்கு? நீதிமன்றம் வழக்கை ஏற்கும் நாளா, பாதிக்கப்பட்டவர் புகார் கொடுத்த நாளா என்ற சிக்கலை, சென்னையிலிருந்து போன சாரா மேத்யூ வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்த்துவைத்தது. புகார் கொடுத்த நாளே கணக்கு என்றது. நீதிமன்றத் தாமதத்துக்குப் புகார்தாரர் பொறுப்பில்லை என்ற நியாயம் அதில் இருக்கிறது. புதிய சட்டமும் அதை ஏற்று ஒரு விளக்கம் சேர்த்திருக்கிறது. ஆனால் அதன் வாசகத்தைக் கவனியுங்கள்: மாஜிஸ்திரேட்டிடம் நேரடியாகப் புகார் தாக்கல் செய்த நாள், அல்லது 173ஆம் பிரிவின்படி போலீஸ் தகவலைப் பதிந்த நாள். மனு கொடுத்த நாள் என்று அதில் இல்லை.

தமிழ்நாட்டில் சிக்கல் இங்கேதான். மனுவை வாங்கி, சமுதாயப் பணிப் பதிவேட்டில் எண் போட்டுத் தருவது சி.எஸ்.ஆர். ரசீது. 173ஆம் பிரிவின் பதிவு என்றால் எஃப்.ஐ.ஆர். இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுகிறோம் என்று ஸ்டேஷனில் சொல்வதை விசாரணை என்று நம்பிவிட வேண்டாம். நுழைந்தவர் ஒவ்வொரு முறையும் வந்து உட்கார்ந்து, அவகாசம் கேட்டு எழுதிக்கொடுத்துப் போனால் போதும். நாள் அவர் பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டைப் பறிகொடுத்தவர் கையில் ரசீது மட்டும் மிஞ்சும். இது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

ஆகவே எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால், 173(4) பிரிவுப்படி மனுவை வேலூர் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டை அணுகலாம். கெடு நெருங்கிவிட்டால் தனிப் புகாராகவே கோர்ட்டில் தாக்கல் செய்வதுதான் பாதுகாப்பு; தாக்கல் செய்த நாள் அதிலேயே உறுதியாகிவிடும். தாமதத்தை மன்னிக்க 519ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் அது நீதிமன்றம் மனம்வைத்தால் கிடைப்பது, கேட்டு வாங்கும் உரிமை இல்லை.

மனுவில் எதை எழுதுவது என்பதும் முக்கியம். வெறுமனே நுழைந்தார் என்றால் போதாது. குற்றம் செய்யவோ, மிரட்டவோ, அவமதிக்கவோ, தொல்லை கொடுக்கவோதான் நுழைந்தார் என்று காட்ட வேண்டும். தொல்லையாகும் என்று தெரிந்திருந்தால் மட்டும் போதாது, அதுவே நோக்கமாக இருக்க வேண்டும் என்று மத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வந்தவர் என்ன பேசினார், எதைத் தூக்கி எறிந்தார், யார் பார்த்தார்கள் என்று நாள், நேரத்தோடு எழுதுங்கள்.

காலனியச் சட்டத்துக்கு முடிவு கட்டியதாக மத்திய அரசு பெருமைப்படுகிறது. அத்துமீறலைப் பொறுத்தவரை அது பொருந்தவில்லை. வரையறை கிட்டத்தட்ட 1860ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்ததுதான், சிறைக்காலமும் மாறவில்லை. 500, 1,000 ரூபாயாக இருந்த அபராத உச்சவரம்பு 5,000 ஆகியிருக்கிறது.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

ஓனர் தன் வீட்டுக்குள் நுழைந்தாலும் குற்றமா? குடியிருப்பவரின் அனுபோகத்தையே சட்டம் காக்கிறது. குற்ற நோக்கம் இருந்தால் பத்திரம் யார் பெயரில் இருந்தாலும் குற்றம்தான்.

ஜன்னல் வழியே கை மட்டும் நுழைந்தால்? உடலின் எந்தப் பகுதி நுழைந்தாலும் நுழைந்ததாகவே கணக்கு.

பூட்டை உடைத்து அத்துமீறினால்? 2 ஆண்டு வரை சிறை. சூரியன் மறைந்து உதிப்பதற்குள் என்றால் 3 ஆண்டு வரை. கெடுவும் மூன்றாண்டாகிவிடும்.

திருடுவதற்காகப் பூட்டை உடைத்தால்? பகலில் 10 ஆண்டு வரை, இரவில் 14 ஆண்டு வரை. இதற்குக் கெடு இல்லை.

2024 ஜூலை 1க்கு முன் நடந்தது? பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 447, 448 பிரிவுகள் பொருந்தும்.

சமாதானமாகப் போகலாமா? 329ஆம் பிரிவு வழக்கில் போகலாம். ஆனால் சம்மதிக்க வேண்டியவர் அந்த இடத்தை அனுபவித்து வருபவர்.