குழந்தையின் நஃபகா: எதைக் கொண்டு அளப்பது?

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வட்டாரங்களில் 'மாத வருமானம்' என்னும் சொல் எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை. ஆலையின் நிரந்தரத் தொழிலாளிக்குச் சம்பளச் சீட்டு உண்டு. துறைமுகத்திற்குச் சரக்குப் பெட்டகம் ஏற்றிச் செல்லும் டிரெய்லர் ஓட்டுநருக்குச் சம்பளத்தோடு பேட்டாவும் சேரும். காசிமேட்டு விசைப்படகில் செல்பவருக்குக் கிடைப்பது பங்கு. ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் அதுவும் இல்லை. இத்தகைய குடும்பத்தில் மணமுறிவு நேர்ந்தால் குழந்தைக்குரிய தொகையை எவ்வாறு கணிப்பது?

மார்க்கம் இதற்கு இரண்டு அளவுகோல்களைத் தந்துள்ளது. அல்பகறா அத்தியாயத்தின் 233ஆம் வசனம், பாலூட்டும் தாய்க்கு உணவும் உடையும் அளிக்கும் பொறுப்பை முறைப்படி தந்தைமீது சுமத்துகிறது. குழந்தையைக் காரணமாக்கித் தாயையோ தந்தையையோ துன்புறுத்தலாகாது என்றும் விலக்குகிறது. அத்தலாக் அத்தியாயத்தின் 7ஆம் வசனம், அவரவர் வசதிக்கேற்பச் செலவிடப் பணிக்கிறது. கணவர் போதிய பொருள் தருவதில்லை என ஹிந்த் (ரலி) முறையிட்டபோது, தமக்கும் பிள்ளைக்கும் போதுமானதை நியாயமான அளவில் எடுத்துக்கொள்ள நபிகள் நாயகம் (ஸல்) அனுமதித்தார்கள். தந்தையின் சக்தி ஒன்று. குழந்தைக்குப் போதுமான அளவு மற்றொன்று.

ஃபிக்ஹு அறிஞர்கள் இவற்றை நுணுக்கமாகப் பிரித்துரைத்தனர். ஷாபிஈ மத்ஹபில் மனைவியின் நஃபகா கணவனின் வசதியைப் பொறுத்து 'முத்து' என்னும் அளவால் கணிக்கப்படுகிறது. பிள்ளையின் நஃபகாவுக்கோ போதுமான அளவே வரையறை. ஹனஃபீ மத்ஹபில் சிறு பிள்ளையின் செலவு தந்தையையே சாரும். தந்தை வறியவராயிருக்க, வசதியுள்ள தாய் செலவிட்டால், அது பின்னர் அவர் தீர்க்கவேண்டிய கடனாகும்.

இந்தியச் சட்டத்தில் 1986ஆம் ஆண்டின் முஸ்லிம் பெண்கள் மணவிலக்கு உரிமைப் பாதுகாப்புச் சட்டம், குழந்தை பிறந்ததிலிருந்து இரண்டாண்டுச் செலவைப் பற்றியே பேசுகிறது. அதனால் தந்தையின் கடமை அத்துடன் முடிந்துவிடுமா? நூர் சபா காத்தூன் வழக்கில் 1997இல் உச்ச நீதிமன்றம் இதை மறுத்தது. பிள்ளைகள் உரிய வயதை எட்டும்வரை அல்லது தாமே பொருளீட்டும்வரை, பெண் பிள்ளையாயின் திருமணம்வரை, கடமை தொடரும் என்றது. அன்று பயன்பட்ட குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவில் இருந்த 500 ரூபாய் உச்சவரம்பு 2001இல் நீக்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் அப்பிரிவின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு உள்ளது.

ஆஸ்திரேலியாவில் 2008 முதல் பெற்றோர் இருவரின் வருமானத்தையும் கூட்டி, அவரவர் விகிதப்படி பங்கிடும் சூத்திரம் நடைமுறையில் உள்ளது. இந்தியாவில் அத்தகைய அட்டவணை இல்லை. எனினும் அக்கருத்து நம் தீர்ப்புகளிலும் உண்டு. இந்துச் சட்டத்தின் கீழ் எழுந்த பத்மஜா சர்மா வழக்கில் 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், குழந்தைச் செலவைப் பெற்றோர் 2:1 என்ற விகிதத்தில் ஏற்கச் செய்தது. 2020இல் ரஜ்னேஷ் வழக்கில், கல்விச் செலவு பொதுவாகத் தந்தையுடையது. தாய் போதிய அளவு ஈட்டினால் விகிதப்படி பகிரலாம் என்றது.

ஓர் எடுத்துக்காட்டு: தந்தைக்கு மாதம் 24,000 ரூபாய், தாய்க்கு 12,000 ரூபாய், குழந்தையின் தேவை 9,000 ரூபாய் என்று கொள்வோம். விகிதப்படி தந்தை தரவேண்டியது 6,000. எஞ்சிய 3,000 குழந்தையை வளர்க்கும் தாயின் கையிலிருந்தே செலவாகிறது. அவர் இரவில் விழித்துப் பேணும் உழைப்பு இக்கணக்கில் ஏறுவதில்லை என்பதை மறக்கலாகாது. கூட்டு வருமானம் குழந்தை எந்த நிலையில் வாழ்ந்தது என்பதை அறிய உதவும்; தந்தையைக் கடமையிலிருந்து விடுவிக்க உதவாது.

எக்கணக்கும் வருமானத்தை மறைத்தால் பொய்க்கும். ரஜ்னேஷ் தீர்ப்பு இரு தரப்பாரும் சொத்து, வருமானம், கடன் ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரத்தில் வெளியிடப் பணித்தது. வருங்கால வைப்புநிதி போன்ற கட்டாயப் பிடித்தம் கழிக்கப்படும். தாமாக வாங்கிய கடனின் தவணையைக் காட்டித் தொகையைக் குறைக்கக் கோருவதை நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. பேட்டாவும் பங்கும் பெறுவோருக்கு, தடைக்காலத்தையும் உள்ளடக்கிய ஓராண்டு வரவைப் பன்னிரண்டால் வகுப்பதே நேர்மையான வழி.

ஜமாஅத்துகள் தலாக், குல்உ உடன்படிக்கை எழுதும்போது மஹர், இத்தாச் செலவு ஆகியவற்றுடன் குழந்தைக்குரிய மாதத் தொகை, செலுத்தும் நாள், ஆண்டுதோறும் உயர்வு ஆகியவற்றையும் தனியே எழுதுதல் வேண்டும். விடுதலை பெறும் அவசரத்தில் தாய் விட்டுக்கொடுக்கக்கூடியது தம் உரிமையை மட்டுமே. நஃபகா குழந்தையின் உரிமை. பெற்றோரிடம் அது அமானிதம்.