மூச்சு வாங்கும் பிள்ளைக்கு வீடு தேடி வரும் துணை

திருநின்றவூரில் ரயிலேறினால் கிழக்கே சென்னை, மேற்கே அரக்கோணம். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள பிள்ளையின் பெற்றோர் இரண்டு திசையிலும் அலைய நேரும்: எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை ஒரு பக்கம், வேலூர் சி.எம்.சி. மறு பக்கம். நடுராத்திரியில் பிள்ளைக்கு மூச்சு வாங்கினால் இரண்டுமே தூரம்தான்.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான சி.எஃப்.டி.ஆர். மரபணு வந்து சேர்ந்தால்தான் இந்த நோய். வியர்வையில் உப்பு அளவுக்கு மீறி வெளியேறும். முத்தமிடும் அம்மாவின் உதட்டில் கரிக்கும். சித்திரை வெயிலில் இந்தக் குழந்தைகள் சட்டென்று துவண்டு போவார்கள். நுரையீரலில் சளி பசையாக இறுக, கிருமிகள் நிரந்தரமாகக் குடியேறும். காசநோய், ஆஸ்துமா என்று வைத்தியம் பார்த்தே இங்கே பல வருடங்கள் வீணாகின்றன.

2019-இல் அமெரிக்கா அனுமதித்த ட்ரைகாஃப்டா மாத்திரை பலருடைய வாழ்வை மாற்றியது. அங்கே அதன் விலை வருடத்துக்கு 3 லட்சம் டாலருக்கும் மேல். அரிய நோய்களுக்கு மத்திய அரசு தரும் உதவியின் உச்சவரம்பு 50 லட்சம் ரூபாய். ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டிய மாத்திரைக்கு அது எம்மாத்திரம்?

அதனால்தான் ஆதரவு சிகிச்சை இங்கே இன்னும் அவசியமாகிறது. அந்தப் பெயரைச் சொன்னதுமே, “டாக்டர் கைவிட்டுட்டாரா?” என்று குடும்பம் கலங்கும். கைவிடுவதே இல்லை. ஆன்டிபயாடிக், நெபுலைசர், சளியை வெளியேற்றும் பிசியோதெரபி எல்லாம் தொடரும். கூடவே வலி, திணறல், தூக்கமின்மை, பயம் ஆகியவற்றையும் கவனிப்பார்கள். முகத்தில் படும் சிறு மின்விசிறிக் காற்றே திணறலைக் கொஞ்சம் தணிக்கும். நோய் முற்றிய நிலையில், மருத்துவர் மேற்பார்வையில் குறைந்த அளவு மார்ஃபினும் உதவும். 2014-இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தியதே மார்ஃபின் நோயாளிகளுக்கு எளிதாகக் கிடைப்பதற்காகத்தான். ஆனாலும் மருத்துவமனைகளில் தயக்கம் தீரவில்லை.

இன்னொரு கொடுமையும் உண்டு. ஒருவரின் கிருமி மற்றவருக்குத் தொற்றும் என்பதால் இந்த நோயாளிகள் ஒருவரையொருவர் நேரில் சந்திக்கக் கூடாது. ஒரே வேதனையில் இருப்பவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொள்ளக்கூட வழியில்லை. ஆகவே ஆறுதலும் வீடு தேடித்தான் வர வேண்டும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ஆதரவு சிகிச்சையும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகின்றன. புற்றுநோயாளிக்கும் பக்கவாதம் வந்தவருக்கும் மட்டுமானதாக அதை நினைக்க வேண்டாம். இந்தப் பிள்ளைகளின் பெயரும் அந்தப் பட்டியலில் ஏற வேண்டும். பெற்றோரே, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அடுத்த முறை போகும்போது கேளுங்கள். நோய் முற்றும்வரை காத்திருக்காதீர்கள்.