சதுர அடிக்குள் அடங்காத ஜன்னல்

வீட்டுச் செலவுகளில் சிலவற்றை ஆயுளில் ஓரிரு முறைதான் செய்கிறோம். பழைய ஜன்னல்களை மாற்றுவது அவற்றுள் ஒன்று. மாதந்தோறும் வாங்கும் அரிசியின் விலையும் தரமும் நமக்கு அத்துப்படி. ஜன்னலைப் பற்றி அறிந்துகொள்ள வேண்டிய தேவையோ, அதை மாற்றியே தீர வேண்டும் என்ற நிலை வரும்வரை எழுவதில்லை. அந்நிலை வந்ததும், "சதுர அடி என்ன விலை?" என்ற ஒரே கேள்வியோடு கடைக்குப் போகிறோம்.

1980-களிலும் 1990-களிலும் தமிழக நகரங்களில் கட்டப்பட்ட வீடுகளின் மர ஜன்னல்கள் இன்று முதுமையை எட்டியிருக்கின்றன. கடன் வாங்கி அவ்வீடுகளைக் கட்டியவர்களும் பணி ஓய்வு பெற்றுவிட்டார்கள். கரையான் அரித்த சட்டத்தையும், மழையில் உப்பி மூட மறுக்கும் கதவையும் மாற்ற அவர்கள் எடுக்கும் பணம் பெரும்பாலும் வங்கி வைப்புத்தொகையிலிருந்து வருவது. செலவழித்தபின் மீண்டும் ஈட்ட முடியாத பணம் அது. எனவே, இச்செலவைத் தீர்மானிக்கும் காரணிகளைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயன் தரும்.

சென்னைப் புறநகரில் உள்ள எங்கள் வீட்டின் எட்டு ஜன்னல்களை மாற்ற அண்மையில் மூன்று இடங்களில் விலைப்புள்ளி கேட்டேன். மிக உயர்ந்த தொகை, மிகக் குறைந்த தொகையைப்போல் இருமடங்குக்கும் மேல் இருந்தது. மூவரும் அளந்தது அதே எட்டு ஜன்னல்களைத்தான். போட்டி நிலவும் சந்தையில் ஒரே பொருளுக்கு ஒரே விலைதான் நிலைக்கும் என்று பொருளியலில் ஒரு விதி உண்டு. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நான் மாணவர்களுக்குக் கற்பித்த விதி அது. விலைப்புள்ளிகளை வரிவரியாகப் பிரித்து ஒப்பிட்டபோது, விதி பொய்க்கவில்லை என்பது தெளிவாயிற்று. மூவரும் விற்க முன்வந்தவை மூன்று வெவ்வேறு பொருள்கள். பெயர் மட்டுமே ஒன்று.

முதலில் அளவை எடுத்துக்கொள்வோம். கண்ணாடியின் செலவு பரப்பளவைப் பொருத்தது. சட்டத்தின் செலவோ சுற்றளவைப் பொருத்தது. குளியலறையின் இரண்டுக்கு இரண்டு அடி ஜன்னலின் பரப்பு 4 சதுர அடி, சுற்றளவு 8 அடி. அதாவது, ஒரு சதுர அடிக்கு 24 அங்குலம் சட்டம் வேண்டும். கூடத்தில் உள்ள ஆறுக்கு நான்கு அடி ஜன்னலின் பரப்பு 24 சதுர அடி, சுற்றளவு 20 அடி. அங்கே ஒரு சதுர அடிக்கு 10 அங்குலம் சட்டமே போதும். கீல், கொண்டி, கைப்பிடி ஆகியவையும் பரப்பைப் பார்த்துக் குறைவதில்லை. எனவே சிறிய ஜன்னலுக்குச் சதுர அடி விலை கூடுவது இயல்பு. "இத்தனை சதுர அடிக்குக் குறைந்தால், குறைந்தபட்சக் கட்டணம்" என்ற பொடி எழுத்து நிபந்தனை விலைப்புள்ளியின் அடியில் இருப்பதும் இதனால்தான்.

அடுத்தது மூலப்பொருள். மியான்மர் அரசு 2014 ஏப்ரலில் மரத்தடி ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. நம் முந்தைய தலைமுறை நம்பிய பர்மா தேக்கு அரிதாகிவிட்டது. ஆப்பிரிக்க, தென் அமெரிக்கத் தோட்டங்களில் வளர்ந்த தேக்கு இப்போது பெருமளவில் வருகிறது. இளமையிலேயே வெட்டப்படும் மரத்தில் வைரம் குறைவு, வெளிறிய பகுதி அதிகம். கரையானுக்கு விருப்பமானது அப்பகுதிதான். இரண்டையும் 'தேக்கு' என்ற ஒரே சொல்லால் குறிக்கும் விலைப்புள்ளி எதையும் சொன்னதாகாது.

யு.பி.வி.சி. என்னும் கெட்டி நெகிழி ஜன்னலிலும் இதே சிக்கல்தான். அதன் சட்டம் உள்ளே வெற்றிடம் கொண்டது. பெரிய ஜன்னல்களில் அந்த வெற்றிடத்துக்குள் துத்தநாகம் பூசிய எஃகுத் துண்டு செருகப்பட வேண்டும். அது இல்லாவிட்டால் காற்றழுத்தத்தில் சட்டம் வளையும். நெகிழியின் கலவையில் வெயிலைத் தாங்கும் பொருள்கள் போதிய அளவு சேர்க்கப்படாவிட்டால் சில ஆண்டுகளில் நிறம் மங்கி நொறுங்கத் தொடங்கும். அலுமினியத்தில் தகட்டின் தடிமனும் மேற்பூச்சின் தரமும் விலையைத் தீர்மானிக்கின்றன. கடலோர ஊர்களில் உப்புக்காற்று முதலில் தாக்குவது திருகாணிகளையும் கீல்களையும். அவை துருப்பிடிக்காத எஃகால் ஆனவையா என்று கேட்பவர் குறைவு.

இவற்றில் பெரும்பாலானவை பொருத்திய பிறகு கண்ணுக்குத் தெரியாதவை. விற்பவருக்குத் தெரிந்து வாங்குபவருக்குத் தெரியாத தரம் ஒரு சந்தையை எப்படிச் சீரழிக்கும் என்பதைப் பழைய கார்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஜார்ஜ் ஏகர்லோஃப் 1970-இல் விளக்கினார். 2001-இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசில் அக்கட்டுரைக்குப் பெரும் பங்கு உண்டு. தரத்தைப் பிரித்தறிய முடியாத வாங்குபவர் குறைந்த விலையையே தேடுவார். நல்ல பொருள் தருபவருக்கு அந்த விலை கட்டுப்படியாகாது. முடிவில் மட்டமான பொருளே சந்தையில் மிஞ்சும். சட்டத்துக்குள் எஃகைச் செருகாத வணிகர் சதுர அடி விலையில் எளிதாக வென்றுவிடுகிறார்.

கண்ணாடி தனிக்கணக்கு. கடினமாக்கப்பட்ட கண்ணாடி உடைந்தால் மழுங்கிய சிறு துண்டுகளாகச் சிதறும்; குழந்தைகளும் முதியோரும் உள்ள வீட்டுக்கு ஏற்றது. ஆனால், கடினமாக்கிய பின் அதை வெட்டவோ துளையிடவோ முடியாது. அளவில் சிறிது பிசகினாலும் புதிதாகத்தான் செய்ய வேண்டும். அந்த இடர்ப்பாட்டுக்கும் விலையில் ஒரு பங்கு உண்டு. இரண்டு கண்ணாடிகளுக்கிடையே காற்று இடைவெளி விட்ட அமைப்பு, குளிரூட்டிய அறைக்கும் இரைச்சல் மிகுந்த சாலையோர வீட்டுக்கும் பயன்படும். பகலெல்லாம் ஜன்னலைத் திறந்தே வைக்கும் வீட்டில் அதற்குத் தரும் கூடுதல் பணம் வீண்.

புதிய வீட்டில் ஜன்னல் வைப்பதற்கும் பழைய வீட்டில் மாற்றுவதற்கும் உள்ள பெரிய வேறுபாடு சுவர். பழைய நிலைச்சட்டம் இரும்புப் பிடிகளோடு சுவருக்குள் பதிந்திருக்கும். திருட்டுக்கு அஞ்சிப் பொருத்திய இரும்புக் கம்பிகள் அச்சட்டத்தில்தான் நிற்கும். சட்டத்தைப் பெயர்த்தால் கம்பியும் போகும், பூச்சும் உதிரும். கொத்தனார் வேலை, வண்ணப்பூச்சு, புதிய கம்பி, மாடியானால் சாரம், இடிபாட்டை அகற்றும் வண்டிக்கூலி என்று செலவு நீளும். எனக்கு வந்த மூன்று விலைப்புள்ளிகளில் இரண்டில் இவை எதுவும் இல்லை. 18 விழுக்காடு சரக்கு-சேவை வரியும் ஒன்றில் 'தனி' என்றிருந்தது. வணிக நிறுவனம் தான் செலுத்திய வரியைத் தன் வரிக்கணக்கில் ஈடுசெய்துகொள்ள வழியுண்டு. குடும்பத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை.

எனவே, ஜன்னலை மாற்றத்தான் வேண்டுமா என்பதையே முதலில் கேட்க வேண்டும். சட்டம் உறுதியாக இருந்து கதவு மட்டும் பழுதாகியிருந்தால், கதவை மட்டும் மாற்றலாம். சுவரைத் தொட வேண்டியதில்லை. எங்கள் வீட்டின் எட்டில் ஐந்து ஜன்னல்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. ஆனால், பழுது பார்க்க வரும் தச்சர் அரிதாகிவிட்டார். ஒரு கீலை மாற்ற நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஆன நேரம்தான் இன்றும் ஆகிறது. தொழிற்சாலையிலோ அதே நேரத்தில் உருவாகும் ஜன்னல்கள் பன்மடங்காகிவிட்டன. பிற தொழில்களின் ஊதியத்துக்கு ஈடாகத் தச்சரின் கூலியும் உயர்ந்தே ஆக வேண்டும். உற்பத்தித் திறன் உயராத தொழில்களில் செலவு ஏறிக்கொண்டே போகும் இந்தப் போக்கை வில்லியம் பாமோல் 1960-களில் விளக்கினார். அதனால் பழுது பார்ப்பது விலை கூடியதாகவும் புதிது வாங்குவது மலிவாகவும் தோன்றுகின்றன. சுவர் வேலையையும் கணக்கில் சேர்த்தால் பல வீடுகளில் அத்தோற்றம் மாறும்.

விலை உயர்ந்ததே சிக்கனமானது என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. 1 லட்சம் ரூபாயில் 10 ஆண்டு உழைக்கும் ஜன்னல்கள், 1.6 லட்சம் ரூபாயில் 25 ஆண்டு உழைக்கும் ஜன்னல்கள் என்று இரு வாய்ப்புகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வெறுமனே வகுத்தால் முன்னதற்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய், பின்னதற்கு 6,400 ரூபாய். ஆனால், அப்பணம் வங்கியில் இருந்தால் ஈட்டியிருக்கும் வட்டியையும் சேர்க்க வேண்டும். 7 விழுக்காடு என்று கொண்டால், ஆண்டுச் செலவு முறையே ஏறத்தாழ 14,240, 13,730 ரூபாய் ஆகிறது. 3,600 ரூபாயாகத் தெரிந்த வேறுபாடு 500 ரூபாய்க்குச் சுருங்கிவிடுகிறது. வைப்புத்தொகையின் வட்டியில் வாழ்பவர் இந்த இரண்டாவது கணக்கைத்தான் போட வேண்டும்.

எந்த விலைப்புள்ளியிலும் இடம்பெறாத செலவு ஒன்று உண்டு. பழைய மர ஜன்னலின் கதவுகள் கீலில் சுழன்று முழுமையாகத் திறப்பவை. இன்று அவற்றுக்கு மாற்றாகப் பெரும்பாலும் வருபவை பக்கவாட்டில் நகரும் இரட்டைக் கதவுகள். எப்படி நகர்த்தினாலும் பாதி இடம் மூடியேதான் இருக்கும்.

மத்திய மின்துறை அமைச்சகம் புதிய குடியிருப்புகளுக்காக 2018-இல் வெளியிட்ட 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்னும் விதித்தொகுப்பு, திறக்கக்கூடிய ஜன்னல் பரப்புக்கும் உட்தரைப் பரப்புக்கும் இடையே குறைந்தபட்ச விகிதம் ஒன்றை வகுத்துள்ளது. சென்னையை உள்ளடக்கிய வெப்ப-ஈரப்பத மண்டலத்துக்கு அது 16.66 விழுக்காடு. விகிதம் முழு வீட்டுக்கும் உரியது என்றாலும், எளிமைக்காக ஓர் அறையை மட்டும் பார்ப்போம். 120 சதுர அடி படுக்கையறைக்கு 20 சதுர அடித் திறப்பு வேண்டும். ஐந்துக்கு நான்கு அடி உள்ள பழைய ஜன்னல் அதைச் சரியாகத் தந்தது. நகரும் கதவாக மாற்றினால் திறப்பு 10 சதுர அடி, விகிதம் 8.33 விழுக்காடு. அதே தொகுப்பு குளிர் மண்டலத்துக்கு வகுத்த அளவு அது. சிம்லாவுக்குரிய காற்றோட்டத்தைச் சென்னையின் மே மாதத்துக்குப் பணம் கொடுத்து வாங்குகிறோம்.

விளைவு மின்கட்டணத்தில் தெரியும். ஒன்றரை டன் குளிரூட்டி மணிக்கு ஒரு யூனிட் எடுப்பதாகக் கொண்டாலும், இரவுக்கு எட்டு மணி நேரம் ஓடினால் இரு மாதங்களில் 480 யூனிட். பயன்பாடு ஏற ஏற யூனிட்டின் விலையும் ஏறும் கட்டண முறை நம்முடையது. இதற்கான பழி முழுவதையும் ஜன்னல்மீது சுமத்த இயலாதுதான். ஆயினும், ஜன்னலைத் திறந்துவைத்து மின்விசிறியோடு உறங்கக்கூடிய மார்கழி, தை மாதங்களிலும் குளிரூட்டி ஓடுகிறதென்றால், ஜன்னலுக்கும் அதில் பங்குண்டு. கீலில் திறக்கும் கதவுக்கு நகரும் கதவைவிட விலை கூடுதல். அந்தக் கூடுதல் தொகையை ஒப்பிட வேண்டியது பக்கத்துக் கடையின் விலையோடு அன்று. பல ஆண்டு மின்கட்டணத்தோடு.

வாங்குபவர் செய்யக்கூடியவை சில உண்டு. சட்டத்தின் வகை, தடிமன், உள்ளிருக்கும் எஃகு, கண்ணாடியின் வகை, கீல்-கொண்டிகளின் உலோகம், திறக்கும் முறை, பழையதை அகற்றல், சுவர்ப்பூச்சு, கம்பி, வரி ஆகியவற்றைத் தனித்தனியே எழுதி, ஒரே பட்டியலை மூன்று பேரிடமும் கொடுத்து விலை கேட்க வேண்டும். அப்போதுதான் மூன்று விலைகளும் ஒப்பிடத் தக்கவை ஆகும். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள் இதைக் கூட்டாகச் செய்தால், அளவெடுப்பு, சாரம், போக்குவரத்து போன்ற நிலையான செலவுகள் பல வீடுகளுக்குப் பகிரப்படும். பேரம் பேசும் வலிமையும் கூடும். இத்தகைய மாதிரிப் பட்டியல் ஒன்றை அரசின் வீட்டுவசதித் துறையே தமிழில் வெளியிடலாம். அதற்காகும் செலவு மிகச் சிறிது. முதியோர் பலரின் சேமிப்பை அது காக்கும்.

குளிரூட்டி வாங்கும்போது எத்தனை நட்சத்திரம் என்று கேட்கப் பழகிவிட்டோம். ஜன்னல் வாங்கும்போது, "முழுதாகத் திறக்குமா?" என்று கேட்கவும் பழக வேண்டும். சதுர அடி விலையை அதற்குப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).