வேலியில் நிற்கும் எரிபொருள்



உங்கள் வீட்டு அடுப்பை எரிப்பது எது? பட்டணத்து வீடென்றால் கேஸ் என்பீர்கள். கிராமத்து வீடென்றால் விறகு என்பீர்கள். ஒன்று கப்பலில் வருகிறது. மற்றது வேலியில் வளர்கிறது. கப்பல் வராது போனால் என்ன நடக்கும் என்பதை 2022ஆம் ஆண்டு நமக்கு நன்றாகவே காட்டித் தந்தது.

2021 ஒக்டோபர் மாதத் தொடக்கத்தில் 1,493 ரூபாவாக இருந்த பன்னிரண்டரைக் கிலோ சிலிண்டர், 2022 ஏப்ரல் இறுதியில் 4,860 ரூபாவைத் தொட்டது. அந்த விலைக்கும் சிலிண்டர் கிடைக்கவில்லை. வெற்றுச் சிலிண்டரைச் சங்கிலியால் பிணைத்து வைத்துவிட்டு இரவிரவாக வரிசையில் காத்திருந்தார்கள். மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை நீண்டது. அதற்கடுத்த சில நாட்களில் நோன்பும் வந்தது. கஞ்சிக்கும் சஹர் சோற்றுக்கும் என்ன வழியென்று தவித்த வீடுகள், கொல்லையில் மூன்று கற்களை வைத்து விறகை மூட்டின.

அந்த வீடுகளுக்கு அது திடீர்த் திருப்பம். ஆனால் நாட்டின் பெரும்பாலான குசினிகள் விறகை ஒருபோதும் விட்டதில்லை. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கையில் நான்கில் மூன்று பங்கிற்கும் அதிகமான வீடுகள் விறகிலேயே சமைத்தன. ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி, விறகு நாகரிகமா, அநாகரிகமா என்பதல்ல. அதை எப்படி எரிக்கிறோம் என்பதுதான்.

எந்த விறகு?

நமது வேலிகளில் நிற்கும் கிளிசரிடியாவை, அதாவது சீமைக்கிளுவையை, ஒரு பொருட்டாகவே நாம் மதிப்பதில்லை. மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த மரம் அது. மழைக்காலத்தில் ஒரு கம்பை நட்டுவிட்டால் போதும், தானே வேர்விட்டுத் துளிர்க்கும். வெட்ட வெட்டத் தழைக்கும். கிளை விறகாகும், இலை ஆட்டுக்குத் தீனியாகும், தென்னைக்குப் பசளையாகும். காற்றிலுள்ள நைதரசனை மண்ணில் சேர்க்கும் இனம் என்பதால் நிலமும் செழிக்கும். தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அரசாங்கம் இதனை 2005ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. இதன் விறகைக் கொதிகலன்களில் எரித்து மின்சாரமும் எடுக்கிறார்கள். வெட்டிய கிளை மீண்டும் வளரும்போது, எரித்ததால் வெளியான கரியமில வாயுவைத் திரும்ப உள்வாங்கிக் கொள்கிறது. காட்டு மரத்தை வெட்டி எரிப்பதற்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான்.

இதைத் தவிர சிரட்டை, பொச்சுமட்டை, காய்ந்த தென்னை மட்டை என்று எத்தனையோ உண்டு. நெல் விளையும் ஊர்களில் உமி இருக்கிறது. மர ஆலை உள்ள ஊர்களில் மரத்தூள் இருக்கிறது. தகரத்தின் நடுவே போத்தலை வைத்து, சுற்றிவர மரத்தூளை இறுக்கி, போத்தலை உருவி எடுத்துச் செய்யும் மரத்தூள் அடுப்பு நம் பெரியவர்களுக்குப் புதிதல்ல.

எந்த எரிபொருளானாலும் அது காய்ந்திருக்க வேண்டும். பச்சை விறகின் எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே நெருப்பின் வலு போய்விடும்; மிஞ்சுவது புகை. மெல்லியதாகப் பிளந்து, மழை படாத தாழ்வாரத்தில் காற்றோட்டமாக அடுக்கி, சில வாரங்கள் காயவிட்டு எடுங்கள்.

எந்த அடுப்பு?

மூன்று கல் அடுப்பில் சூட்டின் பெரும்பகுதி சட்டியைத் தொடாமலே வெளியே ஓடிவிடுகிறது. இதைக் கண்டுதான் 1980களில் 'அனகி' என்னும் களிமண் அடுப்பு நம் நாட்டிலேயே உருவாக்கப்பட்டது. சிங்களத்தில் அனகி என்றால் பெறுமதிமிக்கது என்று பொருள். ஒரே வார்ப்பில் இரண்டு வாய்கள். முதல் வாயில் சோறு வேக, வீணாகும் சூட்டில் இரண்டாம் வாயில் கறியோ தேநீருக்குத் தண்ணீரோ கொதிக்கும். மூன்று கல் அடுப்போடு ஒப்பிட்டால், விறகில் மூன்றிலொரு பங்களவு மிச்சமாகும். வாங்கி அப்படியே வைக்காமல், சுற்றிவரக் களிமண் பூசிப் பதியுங்கள். சூடும் தங்கும், அடுப்பும் வெடிக்காது.

இன்னொரு சிக்கனம். சோறு நன்கு கொதித்ததும் இறுக மூடி, வைக்கோலோ பழைய துணிகளோ நிரப்பிய பெட்டிக்குள் பானையை இறக்கி, மேலேயும் மூடிவிடுங்கள். தன் சூட்டிலேயே வெந்துவிடும். பயறு, கடலை வகைகளை முதல் நாளே ஊறப்போட்டால் விறகும் நேரமும் மிச்சம்.

புகை யாருடைய பங்கு?

இனித்தான் முக்கியமான விடயம். விறகின் விலை குறைவு என்று கணக்குப் பார்க்கிறோம். அதன் புகையைச் சுவாசிப்பவர் யார் என்று பார்க்கிறோமா? வீட்டுப் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் மரணித்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அதிகம் பாதிக்கப்படுவோர் அடுப்படியில் நிற்கும் பெண்களும், அவர்கள் இடுப்பில் இருக்கும் பிள்ளைகளும்தான். கண் எரிச்சலை, இருமலை, இளைப்பை "அடுப்படி என்றால் அப்படித்தான்" என்று பொறுத்துக் கொள்ளாதீர்கள்.

முன் மண்டபத்துக்கு மாபிள் பதிக்கும் வீடுகளில்கூட, குசினி இருண்ட மூலையில், ஒரு சிறு ஜன்னலுடன் கிடப்பதைக் காண்கிறோம். விருந்தாளி அரை மணித்தியாலம் இருக்கும் இடத்துக்கு அத்தனை செலவு. வீட்டுத் தலைவி அரை நாள் நிற்கும் இடத்துக்கு எதுவுமில்லை! வீடு கட்டும்போதும் திருத்தும்போதும் முதற் செலவு குசினிக்கானதாக இருக்கட்டும். அடுப்புக்கு மேல் கூரையைத் தாண்டி உயரும் புகைபோக்கி, எதிரெதிராக இரண்டு ஜன்னல்கள், விறகுக்கு ஒரு தாழ்வாரம் என்பவற்றைக் கேட்டுப் பெறுங்கள். கணவன்மாரும் இதனை வாசித்தால் நல்லது.

பொலித்தீன், பெயின்ட் பூசிய பலகை போன்றவற்றை அடுப்பில் போடவே கூடாது. சிரட்டைக் கரியை மூடிய அறைக்குள் எரிப்பது உயிராபத்து.

கேஸ் அடுப்பை எறிந்துவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. அது இருக்கட்டும். ஆனால் அது ஒன்றையே நம்பிய வீடு, எங்கோ ஒரு துறைமுகத்தில் நிற்கும் கப்பலைப் பார்த்துக்கொண்டிருக்கும் வீடு. பக்கத்திலே ஒரு களிமண் அடுப்பு, தாழ்வாரத்தில் காய்ந்த விறகு, வேலியில் துளிர்க்கும் நாலு கம்புகள், புகை தங்காத ஒரு குசினி. இவை இருந்தால் எந்த நெருக்கடியிலும் உங்கள் வீட்டு உலை கொதிக்கும். அடுத்த மழைக்கு முன் வேலியைச் சற்றுப் பாருங்கள். இடைவெளி எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு கம்பை நடுங்கள்.