நாணயப் பித்தும் அதன் விபத்துகளும்

கடையில் மீதிச் சில்லறை கைக்கு வந்ததும் நாணயம் சேகரிப்பவர் தொகையை எண்ணுவதில்லை. முதலில் ஆண்டைப் பார்க்கிறார். பிறகு ஆண்டுக்குக் கீழே பார்க்கிறார். இந்திய நாணயங்களில் அடிக்கப்பட்ட இடத்தின் அடையாளம் அங்கேதான் இருக்கும். மும்பை நாணயச்சாலைக்கு வைர வடிவம், ஐதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி. கொல்கத்தாவுக்கு எதுவும் கிடையாது. ஒரே ஆண்டின் ஒரு ரூபாய் நான்கு சாலைகளிலும் அடிக்கப்பட்டிருந்தால் அவர் கணக்கில் அது நான்கு வகை; வீட்டார் கணக்கில் வெறும் நாலு ரூபாய். புள்ளி தேய்ந்துபோன காசைக் கொல்கத்தா என்று குறித்துவைப்பதும், ஒட்டியிருக்கும் அழுக்கை நொய்டா என்று கொண்டாடுவதும் புதியவர்களின் வழக்கமான சறுக்கல்கள்.

நாணயத்தை விளிம்பில் மட்டும் பிடிப்பது அடுத்த பழக்கம். விரலின் வியர்வையில் உப்பும் அமிலமும் உண்டு. புத்தம் புதிய செம்புக் காசின் முகப்பைத் தொட்டால் கைரேகை நாளடைவில் பழுப்பாகப் பதிந்துவிடும். குனிந்து பேசும்போது தெறிக்கும் எச்சில் துளியும் கரும்புள்ளியாகும். அதனால் அனுபவசாலிகள் அரிய காசைக் கையிலெடுத்தால் வாயை மூடிக்கொள்கிறார்கள். தவறி விழுந்தாலும் அடிபடாமலிருக்கக் கீழே துணி விரிக்கிறார்கள்.

பழங்காசுக்கு வீட்டிலிருக்கும் முதல் எதிரி புளி. செம்பின் மேல் படியும் பழுப்பை அழுக்கென்று நினைத்துத் தேய்க்கிறார்கள். உண்மையில் அது செம்பும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து உண்டாகும் படலம்; உள்ளிருக்கும் உலோகம் மேலும் அரிக்கப்படாமல் காக்கிறது. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் அதைக் கரைத்துவிடும். சாம்பல் போட்டுத் தேய்த்தால் முகப்பெங்கும் மெல்லிய கீறல்கள் விழும். குத்துவிளக்கு மாதிரிப் பளபளத்த காசு கொஞ்ச நாளில் திட்டுத்திட்டாகக் கறுக்கும். சேகரிப்பாளர்களிடையே அதன் மதிப்பும் சரிந்துவிடும். பூசைக்கு முதல்நாள் வீட்டார் பாத்திரத்தோடு சேர்த்துத் துலக்கிவைத்த காசைப் பார்த்து வாயடைத்து நிற்பவரிடம், “எவ்வளவு அழுக்கு, பாருங்கள்!” என்று பெருமை வேறு பேசுவார்கள்.

பாதுகாக்கப் போய்க் கெடுப்பதும் உண்டு. மலிவான ஆல்பங்களின் உறை பெரும்பாலும் பி.வி.சி. அது சிதையும்போது வெளிப்படும் ஹைட்ரஜன் குளோரைடு ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிறது. சில ஆண்டுகள் கழித்துத் திறந்தால் செம்பிலும் வெள்ளியிலும் பிசுபிசுவென்று பச்சைக் கறை படிந்திருக்கும். மைலார் உறையில் இந்தத் தொல்லை இல்லை.

பாதுகாப்பின் உச்சத்தைத் தொட்டவர் 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு நாணய அறிஞர் ழான் ஃபுவா-வையான். பழங்காசு தேடிக் கடற்பயணம் போன அவர் அல்ஜீரியக் கொள்ளையரிடம் சிக்கி மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தார். விடுபட்டுத் திரும்பும் வழியில் இன்னொரு கொள்ளைக் கப்பல் தென்படவே, கையிலிருந்த சுமார் 20 பொற்காசுகளை விழுங்கிவிட்டார். கப்பல் தப்பியது. கரையேறியபின் என்ன மருந்து கொடுப்பதென்று வைத்தியர்களுக்குள் கருத்து ஒத்துவரவில்லை. காசுகள் தவணை முறையில் வெளிவந்தன என்பார்கள்.

அரிய காசின் மேலுள்ள ஆசை ஊரையே தொற்றுவதும் உண்டு. 1913 என்று பொறித்த ‘லிபர்ட்டி’ ஐந்து சென்ட் காசு உலகில் ஐந்துதான். அமெரிக்க வணிகர் மேக்ஸ் மெஹ்ல் அதற்கு 50 டாலர் தருவதாக விளம்பரம் செய்ய, டிராம் நடத்துநர்கள்கூட வண்டியை நிறுத்திச் சில்லறையைப் புரட்டினார்கள் என்று சொல்வதுண்டு. புழக்கத்தில் ஒன்றும் அகப்படவில்லை. அந்த ஐந்தில் ஒன்றை வைத்திருந்த ஜார்ஜ் வால்டன் 1962இல் கார் விபத்தில் இறந்தார். காசு போலி என்று நிபுணர்கள் சொல்லிவிட, அது குடும்பத்தாரின் அலமாரியில் முடங்கியது. 2003இல் மற்ற நான்கோடு ஒப்பிட்டபோதுதான் அசல் என்று தெரிந்தது. 2013இல் 30 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது.

போலியை அசலென்று நம்புவதே அதிகம். ஜெர்மானியர் கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் (1772–1830) தானே அடித்த ‘புராதன’ காசுகளை இரும்புத் தூள் நிறைந்த பெட்டியில் போட்டு, குதிரை வண்டியில் கட்டி, குலுங்கக் குலுங்க ஓட்டிப் பழமையேற்றினார். இந்தியாவில் அந்த இடத்தைப் பிடித்திருப்பது 1818 என்று பொறித்த ராமர் படக் ‘கம்பெனிக் காசு’. கிழக்கிந்தியக் கம்பெனி அப்படியொன்றை வெளியிட்டதே இல்லை. இத்தகைய காசுகள் அரிசியை இழுக்கும் என்று நம்பிப் பணத்தைத் தொலைத்தவர்கள் தமிழ்நாட்டிலும் உண்டு. செம்பு அரிசியை மட்டுமல்ல, ஆணியைக்கூட இழுக்காது.

பழைய காசை லட்சங்களுக்கு வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, முதலில் வரியும் கமிஷனும் கட்டச் சொல்வது இன்றைய உத்தி. தன் பெயரைப் பயன்படுத்தியே இந்த மோசடி நடப்பதாக ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. இதுபோன்ற வணிகத்தில் தான் ஈடுபடுவதில்லை என்றும், அதற்குக் கட்டணம் எதுவும் கேட்பதில்லை என்றும் அப்போது தெளிவுபடுத்தியது.